வாழிடம் தெரிதல்

மக்கள் வாழ்வதற்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். இவற்றுள் உணவு நாள்தோறும் மாறுவது. உடை ஆண்டுதோறும் மாறுவது. உறையுளோ ஒருமுறை அமைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. ஒருவேளை உணவு சுவையின்றிப் போயின் மறுவேளை திருத்திக்கொள்ளலாம். வீடு கட்டிய இடம் தகுதியற்றதாயின் அத்தவற்றைத் திருத்துதல் எளிதன்று. முப்பது ஆண்டுகள் உழைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள் முழுவதும் ஒரு மனையில் முடங்கிவிடும். அதனை விற்று வேறிடம் செல்லலாமென்றால், குறையுள்ள மனையை விலை கொடுத்து வாங்குவார் அரியர். "வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்னும் பழமொழி இவ்வருமை தோன்றவே எழுந்தது.

கடலோரத்து ஊர்களில் குடியேற விரும்புவோர் இக்காலத்தில் பலர். அலையோசையும் தண்ணிய காற்றும் அவர்தம் உள்ளத்தை ஈர்க்கின்றன. ஆயினும், ஊரின் அழகு வேறு. ஊரின் வாழ்தகுதி வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியும் முறையைப் புதுச்சேரி நகரின் ஒரு பகுதியாகிய லாஸ்பேட்டையைச் சான்றாகக் கொண்டு இங்கே காண்போம்.

பண்டையோர் கண்ட நெறி

தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐவகையாகப் பகுத்தனர். அவற்றுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டது. நிலத்தைப் பகுத்ததோடு அவர்கள் அமைந்தாரல்லர். ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகவும், நாளினைச் சிறுபொழுதுகளாகவும் வகுத்தனர். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஓர் இடத்தை அறிதல் என்பது, அவ்விடத்தை எல்லாப் பொழுதிலும் அறிதலேயாம் என்னும் உண்மை இதனுள் அடங்கியிருத்தல் காண்க.

திருவள்ளுவரும் நாட்டின் உறுப்புகளைக் கூறுமிடத்து நீர்வளத்தையே முன்வைத்தார். நிலத்தின்கீழ் ஊறும் நீர், வானினின்று பொழியும் நீர், மலையினின்று வரும் நீர் ஆகிய யாவும் வாய்க்கப்பெறுதலே நாட்டுக்குச் சிறப்பு என்பது அவர் கருத்து. நாட்டுக்குப் பொருந்திய இவ்விதி ஊருக்கும் பொருந்தும். ஊருக்குப் பொருந்தியது வீட்டுக்கும் பொருந்தும்.

புதுச்சேரியின் தோற்றம்

பெரும்பாலான கடற்கரை நகரங்கள் மக்கள் நலமாக வாழ்வதற்கென்று அமைந்தவை அல்ல, வாணிகத்தின்பொருட்டு எழுந்தவையே. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோம நாட்டோடு வாணிகம் நடத்திய துறைமுகமாகும். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலத் தொல்பொருள் அறிஞர் அங்கு நிகழ்த்திய அகழாய்வு இதனை உலகறியச் செய்தது.

பிரெஞ்சுக்காரரும் கடல்வாணிகம் கருதியே இங்கு வந்தனர். பிரான்சுவா மார்த்தென் என்பார் 1674ஆம் ஆண்டில் புதுச்சேரியில் அவர்தம் குடியிருப்பை நிலைநாட்டினார். 1693ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இந்நகரைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளில் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து, அதனைத் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைக்குப் பின்னர் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப வந்தது. அப்பொழுது ஆளுநராயிருந்து நகரை மீளக் கட்டியவர் லா தெ லொரிஸ்தோன் என்பவர். அவர் பெயரிலுள்ள 'லா' என்னும் சொல்லே லாஸ்பேட்டைக்குப் பெயராய் அமைந்தது என்பர். பேட்டை என்பது நகரின் புறத்தே அமைந்த குடியிருப்பையும் வாணிக இடத்தையும் குறிக்கும் தமிழ்ச்சொல்.

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. அதன் பின்னர் நகரம் மேற்கும் வடக்குமாக விரிந்தது. கல்வி நிலையங்களும் அலுவலகங்களும் பெருகின. கடலுக்கு அணித்தாயிருந்த பழைய நகரில் இடம் போதாமையால் மக்கள் புறநகரை நாடினர். அவ்வாறு நாடப்பெற்ற இடங்களுள் ஒன்று லாஸ்பேட்டை. இன்று அஃது உழவர்கரை நகராட்சியைச் சார்ந்து விளங்குகின்றது.

வாணிகத்தின்பொருட்டுக் கடலோரம் அமைந்த நகரிலிருந்து மக்கள் மேட்டுநிலம் நோக்கிச் செல்லுதல் புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று. சாவகத் தீவில் டச்சுக்காரர் அமைத்த பத்தேவியா நகரம் இதற்கு மற்றொரு சான்று. தாழ்ந்த சதுப்பு நிலத்தில், கால்வாய்களுக்கு நடுவே எழுந்த அந்நகரில் காய்ச்சலால் மாண்டவர் மிகப் பலர். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் டெண்டெல்ஸ் நகரின் நடுவிடத்தைத் தெற்கேயுள்ள உயர்ந்த நிலத்திற்கு மாற்றினார். அந்நகரே இன்றைய சகார்த்தா. அதன் வடபகுதி நாளுக்கு நாள் தாழ்ந்து வருகின்றது. இந்தோனேசிய அரசு தன் தலைநகரையே வேறு தீவிற்கு மாற்ற 2019ஆம் ஆண்டில் முடிவு செய்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டு முழுவதும் நோக்குதல்

புதுச்சேரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. கதிரவன் ஆண்டிற்கு இருமுறை, ஏப்ரல் 21ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்டு 22ஆம் நாளை ஒட்டியும், இந்நகரின் உச்சிக்கு நேராக நிற்பான். ஆதலின் கடுங்குளிர் என்பது இங்கு இல்லை. தைத்திங்களில் பகல் வெப்பம் ஏறத்தாழ 29 பாகை செல்சியசும், இரவு வெப்பம் 21 பாகையுமாக இருக்கும். அந்நாளில் இந்நகரைக் காணவரும் வெளியூரார், "ஈதன்றோ வாழத்தக்க இடம்!" என வியப்பர். மனை வாங்கும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றுவதும் அப்பொழுதே.

ஆனால், அதே ஊர் வைகாசியில் வேறு முகம் காட்டும். பகல் வெப்பம் 36, 37 பாகையாக உயரும்; சில நாள்களில் 40 பாகையையும் கடக்கும். காற்றில் ஈரம் மிகுதியாதலின் உடலில் தோன்றும் வியர்வை எளிதில் ஆவியாகாது. வியர்வை ஆவியானாலன்றி உடல் குளிராது. ஆகவே, வெப்பமானி காட்டும் அளவினும் மிகுந்த புழுக்கத்தை உடல் உணரும். உள்நாட்டு ஊர்களில் 40 பாகை வெப்பத்தைப் பொறுப்பவரும் கடற்கரையில் 36 பாகைக்கு வருந்துவது இதனாலேயாம்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் ஊர் மூன்றாம் முகம் காட்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் நீர்வளத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கின்றது. ஆதலின், புதுச்சேரிக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றே. ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று திங்களில் பெய்துவிடும். புயல்கள் தோன்றுவதும் இக்காலத்திலேயே.

எனவே, தைத்திங்களில் கண்டு மனை வாங்குதல், மணக்கோலத்தில் மட்டும் ஒருவரைக் கண்டு குணம் துணிதலை ஒக்கும். ஓர் ஊரின் தகுதியை அதன் நல்ல திங்களைக்கொண்டு அளத்தல் கூடாது. அதன் கொடிய திங்களைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

காற்றும் கட்டடமும்

கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். கடற்கரையில் வாழ்வார்க்குக் கொண்டலே வேனிற்காலத்தில் உயிர்மருந்து. கதிரவன் வெப்பத்தால் நிலம் விரைவில் சூடேறுகின்றது. கடல் மெல்லச் சூடேறுகின்றது. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பமுற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகின்றது. இதுவே கடற்காற்று. வேனிலில் நண்பகலை ஒட்டி இது வரத்தொடங்கும். மேல்காற்று வலிதாக வீசும் நாள்களில் மாலைவரை காலந்தாழ்த்தலும் உண்டு. அது வந்தவுடனே வெப்பம் தணிவதை யாவரும் உணர்வர்.

புதுச்சேரியின் பழைய நகர அமைப்பு இவ்வுண்மைக்கு இயைந்திருத்தல் அறிந்து மகிழத்தக்கது. கிழக்கு மேற்காகச் செல்லும் நேரான தெருக்கள் கடலை நோக்கித் திறந்துள்ளன. அவற்றின் வழியே காற்று நகருள் புகும். பிரெஞ்சுக்காரர் உயர்ந்த கூரையும் பெரிய பலகணிகளும் உடைய வீடுகளைக் கட்டினர். தமிழர் திண்ணை, தாழ்வாரம், கூடம், முற்றம் என்னும் உறுப்புகளோடு கட்டினர். முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலெழுந்து செல்லத் தெருப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இவ்வீடுகளில் விசிறி சுழலும் நாழிகை குறைவு. ஆதலின் மின்செலவும் குறைவு.

இக்காலத்தில் நான்கு பக்கமும் அடைத்து, தாழ்ந்த தளமிட்டுக் கட்டும் வீடுகளில் இரவிலும் வெப்பம் தங்குகின்றது. பகலெல்லாம் வெயிலை உண்ட தளம் இரவெல்லாம் அதனை உமிழும். அதனைத் தணிக்கக் குளிர்விக்கும் பொறியை நாடுவோர், ஒவ்வொரு திங்களும் மின்கட்டணமாக அதன் விலையைச் செலுத்துகின்றனர். வீட்டின் திசையை ஆராய்ந்து, தளத்தின்மேல் வெண்சுண்ணம் பூசி, மேற்குப் புறத்தில் மரம் வளர்த்தால் இச்செலவில் ஒரு பகுதியையேனும் தவிர்க்கலாம்.

உப்பின் வாணிகம்

கடற்காற்று குளிர்ச்சியை மட்டும் கொணர்வதன்று, உப்பையும் கொணர்கின்றது. அலைகள் மோதிச் சிதறும்போது எழும் நுண்டிவலைகள் காற்றில் கலந்து வந்து சுவரிலும் இரும்பிலும் படிகின்றன. உப்பு சிமெண்டுத் தளத்தினுள் மெல்லப் புகுந்து, அதனுள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய இரும்பு பருத்துவிடும். அதனால் தளம் உள்ளிருந்து வெடித்து உதிரும். பழைய செங்கற் சுண்ணாம்புக் கட்டடங்களின் சுவரில் இரும்புக் கம்பி இல்லாமையால் அவை இவ்வகைக் கேட்டிலிருந்து தப்பின.

அலைவாயை ஒட்டிய வீட்டில் சன்னற் கம்பியும் கதவின் கீலும் மின்விசிறியும் வண்டியும் விரைவில் பழுதுறும். கடலினின்றும் உள்ளே செல்லச் செல்ல இவ்வுப்பு விரைவாகக் குறைகின்றது. குளிர்காற்றோ அதனினும் நெடுந்தொலைவு செல்லும். ஆதலின், கடலுக்கு மிக அண்மையும் ஆகாது, மிகச் சேய்மையும் ஆகாது. லாஸ்பேட்டை கடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. கொண்டற்காற்று அங்குச் சென்று சேரும். உப்பின் கொடுமையோ பெரிதும் தணிந்துவிடும். கடலை நாள்தோறும் காண விரும்புவோர் மாலையில் சென்று கண்டு வரலாம். அதற்காகக் கடலின் வாயிலிலேயே வீடு கட்டவேண்டுவதில்லை.

மேடும் பள்ளமும்

புதுச்சேரியின் பழைய நகரம் கடல்மட்டத்தினும் சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது. அதற்கு வடமேற்கே செம்மண் மேடு ஒன்று எழுகின்றது. கோரிமேடு என்னும் பெயரிலேயே மேடு அமைந்திருத்தல் காண்க. லாஸ்பேட்டையின் ஒரு பகுதி இம்மேட்டின்மேல் உள்ளது. அங்கு அமைந்துள்ள விமான நிலையம் கடல்மட்டத்தினும் ஏறத்தாழ 40 மீட்டர் உயர்ந்தது.

ஆயினும், லாஸ்பேட்டை எனும் பெயர் கேட்ட அளவிலேயே மேடு என்று துணிந்துவிடலாகாது. மேட்டிலிருந்து கிழக்கும் தெற்குமாக நிலம் சரிந்து செல்கின்றது. அச்சரிவின் அடியில் தாழ்ந்த நகர்ப்பகுதிகள் உள்ளன. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அன்றைய ஒரு நாள் அளவில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது எனலாம். லாஸ்பேட்டையை அடுத்துள்ள கிருஷ்ணா நகர் முதலிய தாழ்வான பகுதிகளில் நீர் ஆளுயரத்தை எட்டுமளவு தேங்கியது. இராணுவத்தினர் படகுகளோடு வந்து மக்களை மீட்டனர். அதே பொழுதில் மேட்டிலிருந்த வீடுகளில் வெள்ளம் புகவில்லை. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு நடந்து செல்லும் தொலைவே. ஊர் ஒன்று, வானம் ஒன்று, மழையும் ஒன்று. நிலத்தின் உயரம் ஒன்றே வேறு.

ஆகவே, ஊரைத் தேர்ந்தால் போதாது. தெருவைத் தேர்தல் வேண்டும். தெருவைத் தேர்ந்தால் போதாது. மனையைத் தேர்தல் வேண்டும். இதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. கார்த்திகைத் திங்களில் அடைமழை விட்ட மறுநாள் அவ்விடம் சென்று நீர் எத்திசை ஓடுகின்றது, எங்கே நிற்கின்றது என்று காணல் வேண்டும். அண்டை வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று நோக்கல் வேண்டும். அங்கு நெடுநாள் வாழ்ந்த முதியோரை உசாவுதல் வேண்டும்.

இடப்பெயர்களும் உண்மை கூறும். மேடு, திட்டு என முடிவன உயர்ந்த நிலத்தைக் குறிக்கும். தாங்கல், ஏந்தல், ஏரி, குளம் என்பன நீர் நின்ற இடத்தைக் குறிக்கும். குப்பம் என்பது பெரும்பாலும் கடலோரத்து மீனவர் ஊரைக் குறிக்கும். பழைய பெயரை நீக்கி, அழகிய புதுப்பெயர் சூட்டி மனை விற்பவர் உண்டு. மனையின் பெயர் மாறலாம். நீரின் வழி மாறாது. ஏரியின் வயிற்றில் எழுந்த வீட்டிற்கு ஏரி தன் உரிமையை ஒருநாள் நினைவூட்டியே தீரும்.

கரையைத் தின்னும் கடல்

கடல் என்றும் ஓரிடத்தில் நிற்பதன்று. 1964ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. இருப்புப்பாதையும் பயணிகளோடு வந்த தொடர்வண்டியும் அலைவாய்ப்பட்டன. பின்னர் அந்நகரம் மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, புதுச்சேரியின் மீனவர் ஊர்களைத் தாக்கியது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அமைந்து, பின்னரும் பேணப்பட்ட கற்சுவர் நகரின் நடுப்பகுதியைக் காத்தது.

இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து செல்லும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணலின் வழி தடைப்பட்டது. அதனால் வடக்கேயிருந்த மணற்கரை தேய்ந்தது. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களில் கடல் கரையை அரித்து வீடுகளை விழுங்கியது. மீன்பிடித் தொழிலோர் கடலை விட்டு விலகி வாழ்தல் இயலாது. ஆதலின் அவர்கள் இவ்விடரைத் தாங்கி வாழ்கின்றனர். அத்தகைய தொழில் இல்லாதார் காட்சியின்பம் ஒன்றையே கருதி அங்கு மனை வாங்குதல் அறிவுடைமை ஆகாது. கடலை ஒட்டிக் கட்டடம் எழுப்புதற்கு 1991ஆம் ஆண்டு முதல் அரசின் கட்டுப்பாடும் உண்டு. அதனை அறியாது மனை வாங்கியோர், கட்டவும் இயலாது, விற்கவும் இயலாது வருந்துவர்.

நீர்வளம்

புதுச்சேரி நகரத்தார் தொன்றுதொட்டு நல்ல நீரை மேற்கிலிருந்தே பெற்றனர். கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் நீர் உவர்ப்பதே இதற்குக் காரணம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மேற்கேயுள்ள முத்தரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபம் இன்றும் பாரதி பூங்காவின் நடுவே திகழ்கின்றது. ஆயி என்னும் பெண்மணி தம் இல்லத்தை நீக்கி மக்களுக்காக நீர்நிலை அமைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. நகரம் ஒன்று தன் நடுவிடத்தில் அரசருக்கன்றி நீருக்கு மண்டபம் எடுத்தமை, நீரின் அருமையை நன்கு விளக்கும்.

நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால், நன்னீர் விட்ட இடத்தில் கடல்நீர் உட்புகும். ஒருமுறை உவர்ப்பேறிய நீரடுக்கு மீண்டும் இனிமையுறப் பல்லாண்டு ஆகும். ஆதலின், மனை வாங்குவோர் கிணற்றின் ஆழத்தையும் நீரின் சுவையையும் கோடையிற் சென்று ஆராய்தல் வேண்டும். மாரிக்காலத்தில் எல்லாக் கிணறும் நிறைந்தே காணப்படும்.

நீரைத் தேடுவதோடு நீரைச் சேர்த்தலும் கடமையாகும். 100 சதுர மீட்டர்ப் பரப்புள்ள மாடியில் ஆண்டுக்கு 130 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 1,30,000 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,04,000 லிட்டர் எஞ்சும். நால்வர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டராக 540 லிட்டர் செலவாகும் எனக் கொண்டால், அந்நீர் ஆறு திங்களுக்கு மேல் போதும். இவ்வளவு நீரும் தெருவில் ஓடித் தாழ்ந்த இடத்தாருக்கு வெள்ளமாவதும், மண்ணுள் இறங்கி எல்லாருக்கும் ஊற்றாவதும் வீட்டார் செயலைப் பொறுத்தனவே.

செலவுக் கணக்கு

மனையின் விலையை மட்டும் செலவு எனக் கருதுவோர் பலர். உண்மையில், வாங்கும் விலை முதற்செலவே. அதனைத் தொடர்ந்து வரும் செலவுகள் வேறு. இருவர் ஒரே அளவுள்ள மனை வாங்கினர் எனக் கொள்வோம். ஒருவர் பள்ளத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் குறைவாக வாங்கினார். மற்றவர் மேட்டில் வாங்கினார். முன்னவர் மனையை உயர்த்த மண் கொட்டினார், அடித்தளத்தை ஆழப்படுத்தினார், அதில் இரண்டு இலட்சம் போயிற்று. பின்னர்ச் சாலையை உயர்த்தியபோது அவர் வீடு மீண்டும் பள்ளமாயிற்று. ஒரு வெள்ளத்தில் கட்டில், அலமாரி, குளிர்பெட்டி, நீரிறைக்கும் பொறி ஆகிய அனைத்தும் கெட்டன. இரண்டு இலட்சம் போயிற்று. இரண்டாம் வெள்ளத்தில் எஞ்சிய ஆதாயமும் போயிற்று. பிள்ளைகளின் புத்தகங்களும் மணநாளின் நிழற்படங்களும் கணக்கில் அடங்கா. மலிவாகக் கிடைத்ததன் காரணம் அப்பொழுதே அவருக்கு விளங்கியது.

முதியோருக்கு மற்றொரு செலவும் உண்டு. இரவில் நெஞ்சு நோவு தோன்றின் மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பது பணத்தால் மட்டும் அளக்கத்தக்கதன்று. லாஸ்பேட்டைக்கு அணித்தாகக் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிலையம், 2008ஆம் ஆண்டில் நாட்டின் தேசியச் சிறப்புடைய நிறுவனமாயிற்று. இளையோருக்கு வேண்டிய கல்வி நிலையங்களும் லாஸ்பேட்டையிலேயே உள்ளன. தாகூர் கலைக் கல்லூரியும், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையமும், மோதிலால் நேரு பல்தொழில்நுட்பப் பயிலகமும் அவற்றுட் சில. நடந்தோ மிதிவண்டியிலோ செல்லும் தொலைவில் கல்வியும் மருத்துவமும் அமைதல், திங்கள்தோறும் மிச்சமாகும் பொருளன்றோ?

ஆகவே விலை, காப்புச்செலவு, மின்செலவு, நீர்ச்செலவு, போக்குவரத்துச் செலவு, இடர்ச்செலவு ஆகிய ஆறனையும் கூட்டி, இருபது ஆண்டிற்குக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு கணக்கிடின், விலை மிகுந்த மனை மலிவாதலும் மலிவான மனை விலை மிகுந்ததாதலும் விளங்கும்.

மேட்டில் வாழ்வோர் கடமை

ஈண்டு மற்றோர் உண்மையும் உணரத்தக்கது. எல்லாரும் மேட்டில் வாழ்தல் இயலாது. பள்ளத்தில் வாழ்வோர் யாவரும் ஆராயாது வந்தவரும் அல்லர்; பொருள் போதாமையால் வேறு வழியின்றி வந்தவரே மிகப் பலர். மேட்டில் வீடு கட்டியவர் தம் மனை முழுவதும் சிமெண்டுத் தளம் இட்டு, ஒரு துளியும் மண்ணில் இறங்காதபடி மூடிவிட்டால், அந்நீர் எங்கே செல்லும்? கீழே வாழ்வோர் வீட்டினுள்ளேயே புகும். மேட்டாரின் கவலையின்மை பள்ளத்தாரின் துன்பமாக முடியும்.

செம்மண் மேட்டின் வடபகுதி இதற்கு நல்ல பாடம் கற்பிக்கின்றது. மரங்கள் வெட்டப்பட்டு, மழைநீர் மண்ணை அரித்துப் பெரும் பள்ளங்களைத் தோண்டிய வெற்றுநிலமாக அது கிடந்தது. 1968ஆம் ஆண்டில் அங்கு ஆரோவில் தொடங்கப்பெற்ற பின்னர், அங்குள்ளோரும் சுற்றூர் உழைப்பாளரும் வரப்புகள் அமைத்து நீரைத் தடுத்தனர். பல இலட்சம் மரக்கன்றுகளை நட்டனர். வெற்றுநிலம் சோலையாயிற்று, ஓடிய நீர் நின்று மண்ணுள் இறங்கியது. ஓர் இடத்தின் இயல்பை மக்கள் கெடுக்கவும் கூடும், திருத்தவும் கூடும் என்பதற்கு இது சான்று.

வாழிடம் தெரிவோர் ஊரை அதன் கொடிய திங்களில் காண்பாராக. செலவை நெடிய ஆண்டுகளுக்குக் கணக்கிடுவாராக. மேட்டையும் பள்ளத்தையும் காலால் நடந்து அளப்பாராக. தெரிந்த பின்னர்த் தம் மனையில் ஒரு பகுதியை மண்ணாகவே விட்டு, இரண்டு மரங்களை வளர்த்து, மாடியில் வீழும் நீரை நிலத்துள் செலுத்துவாராக. தமக்கு நல்ல இடம் தேடுதல் அறிவு. தாம் வந்ததனால் அடுத்தவர் இடமும் நல்லதாகுமாறு வாழ்தல் அறம். அறிவும் அறமும் கூடிய இடமே வாழத்தக்க இடமாம்.